இரண்டு லைன் இருந்தும் கடை ஏன் நிற்கிறது?



கடைக்கு இண்டர்நெட் லைன் எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. தராசு, சாக்கு, கல்லாப்பெட்டி, பேரேடு இருந்தால் மளிகை வியாபாரம் நடக்கும். கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவோம். டெலிபோன் செத்தால் தாராபுரத்துக்கு ஆள் அனுப்புவோம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் வெளிமாநிலச் சரக்குக்கும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் இ-வே பில் வந்தது. அன்றிலிருந்து நிலைமை மாறிவிட்டது. மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால், எண் வாங்காமல் லாரி நகரக் கூடாது. மாநிலம் தாண்டினால் 50 ஆயிரத்துக்கு மேலேயே வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் சேர்ந்துகொண்டது. இந்த எண்கள் எல்லாம் லைன் வழியாகத்தான் வர வேண்டும். சுமை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் டீ குடித்து முடித்து, வண்டி வாசலில் நிற்கும். உள்ளே கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இது தெரியாத மொத்த வியாபாரி நம்மில் யாரும் இல்லை.

இதற்காகப் பலரும் இரண்டாவது லைன் எடுத்து வைத்திருக்கிறார்கள். மாதா மாதம் பணமும் கட்டுகிறார்கள். ஆனால் தேவைப்படும் நாளில் அது உதவுவதில்லை. ஏன் உதவுவதில்லை என்பதை, எங்கள் மண்டியில் பார்த்ததையும் வெளியுலகில் நடந்ததையும் வைத்து எழுதுகிறேன். எனக்குப் பள்ளிப் படிப்புத்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் தம்பிகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் ஒன்று புரிந்தது. இது நமக்குத் தெரியாத சரக்கு அல்ல. ஜெனரேட்டரும் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் வைத்திருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும்.

எது நிற்கும், எது நிற்காது

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். கடை லைன் போனால் எல்லாமே நின்றுவிடும் என்பது தவறான எண்ணம். கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்கு நம் லைனே தேவையில்லை. அது வெறும் காகிதம். வாடிக்கையாளரின் செல்போன் அவருடைய சிம் வழியாகப் பணத்தை அனுப்புகிறது. 'இவ்வளவு ரூபாய் வரவு' என்று சத்தம் போடும் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் தனி சிம் இருக்கிறது. எனவே சில்லறைக் கடை ஒன்றில் லைன் போனாலும் யு.பி.ஐ. வியாபாரம் ஓடும்.

நிற்பது வேறு. இ-வே பில், இ-இன்வாய்ஸ், வங்கியிலிருந்து மில்லுக்குப் பணம் அனுப்புவது, லைனோடு பிணைத்த கார்டு மெஷின், கிளைக் கடையும் குடோனும் ஒரே இருப்புக் கணக்கைப் பார்ப்பது, இவைதான் நிற்கும். கம்பெனிச் சரக்குக்கு ஆர்டர் போடுவதும் இப்போது இதில் சேர்ந்துவிட்டது. உங்கள் கடையில் இவற்றில் எது உண்டு என்று பார்த்துக்கொண்டு பிறகு செலவு செய்யுங்கள். ஒன்றுமே இல்லாதவர் இரண்டாவது லைனுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. லைன் விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார்.

நடுவில் நிற்கும் ஆள்

எங்கள் மண்டியில் ஆறு கம்ப்யூட்டர்கள். அவை நேராக வெளியே போவதில்லை. நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதைத்தான் பிராக்ஸி சர்வர் என்கிறார்கள். அண்ணன் தம்பி ஐந்து பேர் ஐந்து கடை வைத்திருந்தால், ஐவரும் விருதுநகருக்குப் பருப்பு வாங்கப் போவதில்லை. ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் எல்லோருடைய சீட்டையும் வாங்கிக்கொண்டு போய், சரக்கைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுக்கிறார். விருதுநகர்க்காரருக்கு அந்த ஒருவரின் முகம்தான் தெரியும். பிராக்ஸி செய்வதும் அதே வேலைதான்.

முன்பு இதை வைத்ததற்குக் காரணம் வேறு. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இண்டர்நெட் தரத் தொடங்கியது. அப்போது டெலிபோன் லைனில் டயல் செய்துதான் போக வேண்டும். பிரவுசிங் சென்டர்களிலும் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களிலும் ஒரே டெலிபோன் லைனைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுக்கொள்ள பிராக்ஸி உதவியது. ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். 1996-ல் வெளிவந்த ஸ்க்விட் என்ற மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. எங்களிடம் ஓடுவதும் அதுதான்.

இன்று பெரும்பாலான பக்கங்கள் முத்திரை வைத்த உறையில் வருகின்றன. சேமித்து வைக்கும் பலன் போய்விட்டது. ஆனால் யார் எங்கே போகலாம் என்று கட்டுப்படுத்தும் பலன் இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர் ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில் தளம், வங்கி, கம்பெனிகளின் ஆர்டர் தளம் ஆகியவற்றுக்குப் போனால் போதும். சினிமாப் பாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கண்ட இடத்துக்கும் போய் வைரஸை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியதும் இல்லை. பணம் அனுப்பும் கம்ப்யூட்டர் இருக்கும் எந்த அலுவலகத்துக்கும் இந்தக் காவல் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கேமரா ஓடியது, பில் நின்றது

இரண்டு லைன்களையும் ஒரே பெட்டியில் சேர்த்து, ஒன்று போனால் மற்றதற்குத் தானாக மாறும்படி செய்வதுதான் சேஞ்ச் ஓவர். இரண்டு லைன் செருகும் ரூட்டர் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் போட்டும் செய்யலாம். எங்களுக்கு ஒரு நிறுவனத்தார் வந்து இரண்டாவது முறையில் அமைத்துக் கொடுத்தார்கள். பெயர் இங்கே வேண்டாம். அமைத்த அன்று முதல் லைனின் ஒயரைப் பிடுங்கிக் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த லேப்டாப்பில் பக்கங்கள் நிற்காமல் வந்தன. கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்து வந்து காற்றாலைகளைச் சுற்றும் காற்று, கம்பத்துக் கேபிளையும் சும்மா விடாது. ஒரு நாள் காலை பத்தரை மணிக்குத் தென்னை மட்டை விழுந்து முதல் லைன் அறுந்தது. எண்ணெய் டின் ஏற்றிய வண்டி காங்கயம் போக நின்றது. இரண்டாவது லைன் உயிரோடுதான் இருந்தது. ஆனாலும் ஆறு கம்ப்யூட்டரும் அசையவில்லை.

ஒரு அதிசயம் என்னவென்றால், வீட்டில் இருந்த என் மகன் செல்போனில் குடோன் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நன்றாக ஓடியது. "அப்பா, லைன் இருக்குதுங்க, கேமரா வருதே" என்கிறான். இங்கே பில் வரவில்லை. அமைத்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அன்று வண்டிக்குச் செல்போன் வழியாகத்தான் எண் போட்டு அனுப்பினோம்.

பிறகு தாராபுரத்திலிருந்து வந்த ஒரு தம்பிதான் முடிச்சை அவிழ்த்தார். "ஏனுங்கய்யா, கேமரா பிராக்ஸி வழியாப் போகுதுங்களா?" என்று கேட்டார். இல்லை, அது நேராகப் போகிறது. "அங்கதானுங்க விஷயம் இருக்குது" என்றார்.

அவர் சொன்ன விளக்கத்தை நம் மொழியில் எழுதுகிறேன். மண்டி வாசலில் ஒரு காவல்காரர் இருக்கிறார். உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொருவரிடமும், "இன்றைக்குப் பெரிய ரோடு அடைப்பு, காட்டு வழியாகப் போ" என்று சொல்லித் திருப்பிவிடுகிறார். எல்லோரும் சரியான வழியில் போகிறார்கள். ஆனால் காவல்காரரே வெளியே கிளம்பினால் அவருக்கு யார் சொல்வது? அவர் பழைய பெரிய ரோட்டிலேயே போய் அடைப்பில் நிற்கிறார். பிராக்ஸி வழி மாற்றும் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் இதுதான் நடக்கும். வழி மாற்றும் விதி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் போக்குவரத்துக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். பிராக்ஸி வெளியே அனுப்புவதோ அந்தப் பெட்டியிலேயே பிறப்பது. அது எந்த விதியையும் கடந்து வருவதில்லை. பெட்டியின் சொந்த 'டிஃபால்ட் கேட்வே' எதுவோ அதன் வழியாகப் போகும். அது செத்த முதல் லைனாக இருந்தால், பிராக்ஸியை நம்பிய அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்து செத்தன. கேமரா விதியைக் கடந்து போனதால் பிழைத்தது. நிறுவனத்தார் சோதித்த லேப்டாப்பும் பிராக்ஸி வழியாகப் போகாததால்தான் அன்று ஓடியது.

தீர்வு இரண்டு. பெட்டியின் சொந்த டிஃபால்ட் கேட்வேயையே ஒரே லைனுக்குக் கட்டாமல், இரண்டு லைனும் அடங்கிய குழுவாக, முதல் இது, அடுத்தது அது என்று வரிசை போட்டு வைக்க வேண்டும். பி.எஃப்.சென்ஸ் என்ற இலவச மென்பொருளில் 2018 முதல் இந்த வசதி இருக்கிறது. மற்றவற்றிலும் வேறு பெயரில் இருக்கும். அல்லது பிராக்ஸியைத் தனிக் கம்ப்யூட்டரில் வைத்து, வழி மாற்றும் வேலையை ரூட்டரிடம் விட்டுவிட வேண்டும். அப்போது காவல்காரர் வேறு, வெளியே போகிறவர் வேறு என்று ஆகிவிடும். எங்களுடையதை இரண்டாவது முறைக்கு மாற்றினோம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எதிலே கோளாறு என்று பார்ப்பதும் எளிது.

தனிப் பெட்டி என்றாலும் அதுவே ஒரு நாள் கெட்டுப்போகலாம். பிராக்ஸி செத்தால் இரண்டு லைன் இருந்தும் பயனில்லை. கம்ப்யூட்டர்களுக்கு வழி சொல்லும் சிறிய கோப்பு ஒன்று உண்டு. பி.ஏ.சி. என்பார்கள். 'முதலில் பிராக்ஸி, அது பதில் சொல்லாவிட்டால் நேராகப் போ' என்று அதில் எழுதி வைக்கலாம். காவல் தளர்ந்துபோகும் என்று நினைப்பவர்கள் பணம் அனுப்பும் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

பச்சை விளக்கை நம்பலாமா?

முதல் லைன் செத்துவிட்டது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் அடுத்த ஏமாற்றம் இருக்கிறது. வாசலில் ஒயர் அறுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், பெட்டிக்கும் தெரிந்துவிடும். ஆனால் பழுது பல்லடத்திலோ கோவையிலோ நடந்தால் நம் மோடம் பச்சை விளக்கோடு நிற்கும். அடுத்த கம்பம் வரை உயிர் இருக்கிறது, அதற்கு அப்பால் இல்லை. பெட்டி அடுத்த கம்பத்தை மட்டும் கேட்டுப் பார்க்கும்படி அமைத்திருந்தால், எல்லாம் நலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மாறவே மாறாது.

தூரத்து முகவரிகளைக் கூப்பிட்டுப் பார்க்கும்படி அமைப்பதுதான் சரி. 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது முகவரிகள் இரண்டு வைத்து, இரண்டும் பதில் சொல்லாவிட்டால்தான் லைன் போனதாகக் கணக்கு. எங்களுடையது ஐந்து விநாடிக்கு ஒரு முறை கூப்பிடுகிறது. தொடர்ந்து நான்கு முறை பதில் வராவிட்டால் மாறுகிறது. லைன் திரும்பி வந்தாலும் உடனே பழைய வழிக்குப் போகாமல் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம். காற்று நாளில் லைன் வருவதும் போவதுமாக இருக்கும். அதோடு சேர்ந்து பெட்டியும் ஆடினால், ஒரே லைன் இருந்ததைவிட மோசமாகிவிடும்.

பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். என்ற ஒன்றும் இருக்கிறது. இது டெலிபோன் டைரக்டரி மாதிரி. பிராக்ஸி முதல் கம்பெனியின் டைரக்டரியையே பார்க்கும்படி இருந்தால், இரண்டாவது லைனுக்கு மாறிய பிறகு அந்த டைரக்டரி பதில் சொல்லாது. தன் சந்தாதாரருக்கு மட்டும்தான் சொல்லும். லைன் இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. பொது டைரக்டரிகளை வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கனடாவில் ஒரு வெள்ளிக்கிழமை

இதையெல்லாம் குண்டடத்து மண்டிச் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை, கனடா நாட்டில் ரோஜர்ஸ் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவை விடியற்காலையில் நாடு முழுதும் நின்றது. காரணம் புயலும் இல்லை, பூகம்பமும் இல்லை. மைய வலைப்பின்னலில் மேம்பாட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. வழித்தகவல்களை வடிகட்டும் ஓர் அமைப்பை நீக்கியபோது, மைய ரூட்டர்கள் தாங்க முடியாத அளவு தகவல் வெள்ளம் புகுந்து அவை விழுந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர்.

வணிகர்களுக்கு இதில் என்ன? கனடாவில் வங்கிக் கணக்கிலிருந்து கடையில் பணம் செலுத்த இன்டராக் என்ற ஏற்பாடுதான் எல்லோருக்கும். நம் ஊர் யு.பி.ஐ. போல வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அன்று நாடு முழுதும் நின்றது. ரோஜர்ஸ் வாடிக்கையாளராக இல்லாத கடைக்காரரும் டெபிட் கார்டை வாங்க முடியவில்லை. ரொறொன்ரோவைச் சுற்றி ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கங்களில் நம் தமிழர் மளிகைக் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்கும் தெரிந்ததே. நாடெங்கும் கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியது. இன்டராக் ரோஜர்ஸை அவ்வளவு தூரம் நம்பி இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது.

வீட்டுக்கு ரோஜர்ஸ் லைன், மாற்றுக்கு ரோஜர்ஸ் சிம் என்று வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. கம்பி வழியும் கம்பியில்லா வழியும் உள்ளே ஒரே மையத்தில்தான் சேர்ந்திருந்தன. பிறகுதான் அந்த நிறுவனம் இரண்டையும் பிரிப்பதாக ஒப்புக்கொண்டது. அதன் ஊழியர்களே ஒருவரை ஒருவர் தொடர்புகொள்ளத் திணறினார்கள். பழுது பார்ப்பதற்கான வழியும் பழுதான அதே வலைப்பின்னலையே நம்பி இருந்தது.

பச்சை விளக்குச் சங்கதியும் அங்கே நடந்தது. மைய வலைப்பின்னல் செத்தாலும் செல்போன் டவர்கள் உயிரோடு இருந்தன. செல்போன்கள் டவரைப் பார்த்து, 'நம் கம்பெனி இருக்கிறது' என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தன. நம்மூர் 108, 100 போல அங்கே அவசர எண் 911. சொந்தக் கம்பெனி இல்லாவிட்டால் வேறு கம்பெனி டவர் வழியாக அந்த அழைப்பு போக வேண்டும். சொந்தக் கம்பெனி இருப்பதுபோலத் தோன்றியதால் செல்போன்கள் மாறவில்லை. அவசர உதவிக்குக் கூப்பிட்ட பலருக்கு அழைப்பே போகவில்லை. எங்கள் மண்டியில் ஒரு வண்டி தாமதமானது. அங்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாமல் போனது. அடிப்படைக் குற்றம் இரண்டிலும் ஒன்றுதான்.

மூட்டை மேல் எழுத்து வேறு, உள்ளே சரக்கு வேறு

நம் குண்டடம் வடுகநாதர் கோவில் கதையைக் கொங்கு நாட்டில் அறியாதவர் குறைவு. மிளகு மூட்டையைப் பயறு என்று சொன்ன வியாபாரிக்கு மிளகெல்லாம் பயறாகவே போயிற்று என்பார்கள். லைன் விஷயத்தில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. மூட்டையின் மேல் இரண்டு கம்பெனிப் பெயர் இருக்கும், உள்ளே ஒரே சரக்கு. ஊர்ப்புறங்களில் ஒரே கேபிள்காரர் இரண்டு கம்பெனிக்கும் லைன் இழுத்துக் கொடுப்பது சாதாரணம். இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில், ஒரே கொக்கியில் தொங்கும். ரோட்டோரம் ஜே.சி.பி. ஒரு முறை கை வைத்தால் இரண்டும் போகும். ஊட்டிக்குக் குன்னூர் வழியும் உண்டு, கோத்தகிரி வழியும் உண்டு. ஆனால் கீழே இரண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மேட்டுப்பாளையத்திலேயே வண்டி நின்றுவிட்டால் இரண்டு வழி இருந்து என்ன பயன்?

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாந்திரியா கரைக்கு அப்பால் கடலுக்கடியில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்களும் சில மணி நேரத்தில் அடுத்தடுத்து அறுந்தன. பெயர் வேறு, முதலாளி வேறு. ஆனால் இரண்டும் ஒரே கடற்பகுதி வழியாகப் போயின. இந்தியாவிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா நோக்கிப் போன இண்டர்நெட்டின் பெரும்பகுதி திணறியது. இரண்டு நாள் கழித்து துபாய் அருகே ஃபால்கன் என்ற மூன்றாவது கேபிளும் போனது. கைவிடப்பட்ட கப்பல் நங்கூரம் ஒன்று அங்கே கிடந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்க் கிழக்கு வழியாகச் சுற்றிப் போக வசதி வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். மேற்கே இரண்டு கேபிள் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். செங்கடலில் 2024-லும் 2025-லும் கேபிள்கள் அறுந்தபோதும் இதே பாடுதான்.

ஆகவே நமக்கு ஏற்றது ஒன்று ஒயர், மற்றது காற்று. ஒரு கம்பெனியின் ஃபைபர் லைன், வேறு கம்பெனியின் சிம் போட்ட ரூட்டர். அந்த வேறு கம்பெனியின் டவர் உங்கள் கடைக்குள் நன்றாக எடுக்கிறதா என்று பகலில் ஒரு முறை, கூட்டம் கூடும் சந்தை நாளில் ஒரு முறை பார்த்து வாங்குங்கள். சந்தை நாளில் ஆயிரம் செல்போன் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும்போது சிம் லைன் ஆமை போல ஊர்ந்தாலும் இ-வே பில்லுக்குப் போதும். ஆனால் அந்நேரத்தில் பையன்கள் வீடியோ பார்த்தாலோ, கம்ப்யூட்டர்கள் தாமாகவே அப்டேட் இறக்கத் தொடங்கினாலோ போதாது. பிராக்ஸி வைத்திருப்பவருக்கு இங்கே இன்னொரு லாபம் உண்டு. சிம் லைனுக்கு மாறியதும் ஜி.எஸ்.டி., வங்கி, ஆர்டர் தளங்களை மட்டும் விட்டு மற்றவற்றை நிறுத்தும்படி அமைக்கலாம்.

இரண்டு லைனையும் எப்போதும் சேர்த்தே ஓட்டினால் வேகம் கூடுமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடும். ஆனால் லைன் மாறினால் வெளியுலகுக்குத் தெரியும் நம் முகவரியும் மாறும். வங்கித் தளத்தில் பாதி வேலையில் முகவரி மாறினால், 'நீ யார்?' என்று வெளியே தள்ளிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று ஓட, மற்றது காத்திருப்பதே நல்லது. உங்கள் முகவரியைப் பதிந்து வைத்திருக்கும் வங்கியோ மென்பொருள் நிறுவனமோ இருந்தால், இரண்டாவது லைனின் முகவரியையும் கொடுத்துப் பதிந்து வையுங்கள். பெரும்பாலான சிம் லைனுக்கு நிலையான முகவரி இருக்காது. அதற்கு என்ன வழி என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

லைன் மாறும் அந்த இருபது முப்பது விநாடியில் நடந்துகொண்டிருந்த வேலை அறுந்துபோகும். கணக்கு எழுதுபவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். பணம் அனுப்பும்போது திரை நின்றால் மறுபடி பொத்தானை அமுக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் பற்று ஆகியிருக்கிறதா என்று பார்த்து, மில்லுக்கும் ஒரு போன் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரே பில்லுக்கு இரண்டு முறை போன பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

கரண்டும் சோதனையும்

மோடம், சிம் ரூட்டர், வழி மாற்றும் பெட்டி, பிராக்ஸி ஆகிய நான்கும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். கொடுத்துவிட்டு மோடத்தைச் சுவரில் சாதாரண பிளக்கில் செருகியிருக்கும் கடைகளை நிறையப் பார்க்கிறேன். நீண்ட மின்தடையில் டவருக்கும் பேட்டரி தீரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மரங்கள் சாய்ந்து கம்பங்களும் கேபிள்களும் போயின, கரண்டும் போனது. நவம்பர் 8-ல் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் நோட்டும் இல்லை, கார்டு தேய்க்க லைனும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் இரண்டு லைன் இருந்தும் ஒன்றும் ஆகாது. வாடிக்கைக்காரர் முகம் தெரிந்து எழுதிக்கொள்ளும் பற்று நோட்டுத்தான் கை கொடுக்கும்.

இரண்டு லைனாலும் தீராதது இன்னொன்று. எதிர்முனையே நின்றுவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்? 2025 மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் யு.பி.ஐ. நாடு முழுதும் தடுமாறியது. நம் லைனில் குற்றம் இல்லை. ஜி.எஸ்.டி. தளம் கடைசித் தேதியில் மூச்சுத் திணறுவதும் அப்படித்தான். அந்நேரம் ரூட்டரைத் தட்டி அணைத்துப் போடுவதில் பயனில்லை. செல்போனில் வேறு சிம் வழியாக அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் பழுது அவர்களுடையது. இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் வராத கடைகள், வரிசை எண் அச்சிட்ட பில் புத்தகம் ஒன்றை மேசையில் வைத்திருந்தால் வியாபாரம் நிற்காது. கையால் எழுதிய பில்லை லைன் வந்ததும் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். வரம்புக்குள் வருபவர்கள் வணிகர்களுக்குப் போடும் பில்லை அப்படிச் செய்ய முடியாது. அவர்களுக்குத்தான் சேஞ்ச் ஓவர் அதிகம் தேவை.

எங்கள் மண்டியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, வண்டி இல்லாத நேரத்தில், முதல் லைனைப் பிடுங்கிவிடுவோம். பிடுங்குவது இரண்டு விதம். ஒரு மாதம் மோடத்தின் கரண்டை நிறுத்துவது. அடுத்த மாதம் கரண்டை விட்டுவிட்டு மோடத்துக்கு வரும் ஃபைபரை மட்டும் கழற்றுவது. முதலாவதில் மாறும் பெட்டி, இரண்டாவதில் மாறாமல் நிற்கக்கூடும். பச்சை விளக்குச் சங்கதி அதில்தான் பிடிபடும். சோதிப்பது பில் போடும் கம்ப்யூட்டரில், பிராக்ஸி வழியாகத்தான். லேப்டாப்பில் அல்ல. இ-வே பில் தளமும் வங்கித் தளமும் திறக்கின்றனவா என்று பார்ப்போம். சிம்மின் ரீசார்ஜ் தேதியையும் அப்போதே பார்த்துவிடுவோம். ஆறு மாதமாகத் தொடாத சிம் ரீசார்ஜ் தீர்ந்து செத்துக் கிடக்கும் கடைகள் நம் வட்டாரத்தில் ஒன்றிரண்டு அல்ல.

சிறிய கடைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று என்றால் பிராக்ஸியும் வேண்டாம், தனிப் பெட்டியும் வேண்டாம். ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதல்லாத வேறு கம்பெனி சிம் உங்கள் செல்போனில் இருந்தால், ஹாட்ஸ்பாட் போட்டுக் கம்ப்யூட்டரை அதில் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்காரும் பையனுக்கும் கற்றுக்கொடுங்கள். நீங்கள் சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கும் நாளில் அந்தச் செல்போன் உங்களோடு போய்விடும் என்பதால், கடையிலேயே இருக்கும் ஒரு செல்போனில் இதைச் செய்வது நல்லது.

புதிதாக லைன் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன் கேபிள்காரரை அழைத்துக்கொண்டு போய், ஒயர் எந்தக் கம்பம் வழியாக வருகிறது, எந்தப் பெட்டியில் சேருகிறது என்று நேரில் பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும்.